மறைவாக: ஒருவர்

எங்கள் இணைய மன்றத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வரி ஓடும். "இப்போது இருப்பவர்கள்: உறுப்பினர் 3, மறைவாக 1, விருந்தினர் 5." பதினாலு வருடமாக மதிய நேரத்தில் ஏறக்குறைய இதே வரிதான். மூன்று நான்காகும், ஐந்து எட்டாகும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், விருந்தினர் 1,914.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகின செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, எத்தனை கேஜ் தடிமன் கம்பி என்று எண்ணிப் பார்த்து, புதிதாகச் சுற்றிப் போட்டுக் கொடுப்பேன். அந்த எண்ணிக்கைக்கு எங்கள் தொழிலில் டேட்டா என்று பேர். சுற்று கூடினால் மோட்டார் திணறும், குறைந்தால் சூடேறி மறுபடி எரியும். அதனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் டேட்டா நோட்டைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார். கேட்டால் பல்லைக் காட்டுவாரே தவிர நோட்டைக் காட்டமாட்டார். அந்த வயிற்றெரிச்சலில்தான் நானும் என் தம்பியும் இந்த மன்றத்தைத் தொடங்கினோம். அவன் கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன், கட்டிக் கொடுத்தான். நான் கெஞ்சியும் திட்டியும் ஆள் சேர்த்தேன். இன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் மோட்டார்களின் டேட்டா அதில் கிடக்கிறது. எல்லாப் பக்கத்திலும் மேலே கொட்டை எழுத்தில் என் விதி இருக்கும்: ஒன்று எடுத்தால் ஒன்று கொடு.

அப்படிப்பட்ட மன்றத்தில் ஒரே நேரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்! என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் வீட்டில்தான் இருப்பார். அவரை எழுப்பிக் காட்டினேன். மோட்டார் கொடுக்க வந்த சலவைக் கூடத்துக்காரருக்குக் காட்டினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். பிறகு பெருமை தாங்காமல் தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, அதெல்லாம் மனுசங்க இல்ல. பாட்."

"பாட்டா?"

"புரோகிராம்க்கா. இன்டர்நெட்ல பக்கம் பக்கமா மேஞ்சு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறது. உன் மன்றத்தை இப்பதான் கண்டுபுடிச்சிருக்கு போல."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "மேயுதாமா? மாடு மேயற மாதிரியா? அப்ப தையல்காரம்மாகிட்ட நீ காட்டுனது மாட்டு மந்தையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

பேசாமல் இருந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. புதன்கிழமை மன்றம் திறக்கவே இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உறுப்பினர்கள் ஃபோன் மேல் ஃபோன் போட்டு என்னைத் திட்டினார்கள். வியாழக்கிழமை, மன்றத்துக்கு இணையத்தில் இடம் வாடகைக்கு விட்டிருக்கிற சர்வர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் தளத்தின் பாரம் எல்லை மீறிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் குறைக்கவும், அதன் பிறகு எந்த நாளிலும் எல்லை மீறினால் தளம் தானாகப் பூட்டப்படும் என்று எழுதியிருந்தது. யாரிடம் பேசுவது என்று கேட்டேன். பேச ஆள் கிடையாதாம், பூட்டுவதும் மெஷின்தானாம்.

எட்டு நாள். பதினாலு வருடமாக, கருகின காயிலைக் கையால் பிரித்துப் பிரித்து, நகத்தில் வார்னிஷ் ஏறி, சுற்றுச் சுற்றாக எண்ணி நாங்கள் சேர்த்தது. அதை ஒரு மெஷின் மேயும், இன்னொரு மெஷின் பூட்டும், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். தம்பியைப் பிடித்துக் காய்ச்சினேன்.

சனிக்கிழமை அவன் ஒரு பொறி வைத்தான். மன்றத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இணைப்பு. ஆனால் அது திரைக்கு வெளியே, இடது பக்கம் எங்கேயோ தள்ளி இருக்கும்.

"கண்ணால பார்க்குற மனுசன் யாருக்கும் அது தெரியவே தெரியாதுக்கா. பாட் பக்கத்தைப் பார்க்கறதில்ல, உள்ள இருக்குற எழுத்தை வரிசையாப் படிக்கும். அதனால அதுக்கு மட்டும் தெரியும். அதை எவன் அமுக்குறானோ அவன் மெஷின். அமுக்குன உடனே அது வர்ற இன்டர்நெட் முகவரிக்கு மன்றம் மூடிக்கும். இணைப்புல என்ன எழுதட்டும்?"

"என்ன எழுதணும்?"

"எதையாவது எழுது. அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

எதையாவது எழுதுவதா? பொறி என்று வைத்த பிறகு நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி எதையாவது வைக்க வேண்டாமா? எங்கள் மன்றத்தில் எல்லோரும் வருடக்கணக்காகத் தேடுகிற மோட்டார் ஒன்று உண்டு. சலவைக் கூடத்தில் துணி பிழிகிற மெஷினில் இருக்கும் பச்சை மோட்டார். செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. எரிந்தால் காயில் மொத்தமும் உருகி ஒரே கட்டியாகிவிடும், எண்ண முடியாது. அதன் டேட்டா கேட்டு முந்நூறு பதிவு இருக்கிறது, பதில் ஒன்றுகூட இல்லை. என் பட்டறையிலேயே மேஜைக்கடியில் ஒன்று நாலு வருடமாகத் துரு ஏறிக் கிடக்கிறது. ஆகவே நான் எழுதினேன்: "பச்சை மோட்டார், முழு டேட்டா இங்கே."

அமுக்கினால் வருகிற பக்கத்துக்கும் நானே எழுதினேன். "மாட்டினாயா திருட்டுப் பயலே! பதினாலு வருடமாக நாங்கள் சேர்த்ததைச் சும்மா வந்து தின்றுவிட்டுப் போகலாம் என்று பார்த்தாயா? உனக்கு இங்கே இடம் கிடையாது. வெளியே போ."

"யாருக்கா இதைப் படிக்கப் போறா?" என்றான் தம்பி.

"யாரும் படிக்க வேணாம். எனக்கு மனசு ஆறும்."

பொறி வேலை செய்தது என்றால் அப்படி ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் விருந்தினர் எண்ணூறாக இறங்கியது. திங்கட்கிழமை மதியம் நாற்பது. பிடிபட்டோர் பட்டியல் என்று ஒன்றைத் தம்பி எனக்குத் திறந்து காட்டியிருந்தான், அதில் நாற்பத்தோராயிரம் முகவரி. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கையில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். அப்போதுதான் அதைப் பார்த்தேன். எல்லா வரியிலும் வெறும் முகவரி எண், ஒரே ஒரு வரியில் மட்டும் உறுப்பினர் எண். ஏழு.

ஏழாம் நம்பர் என்றால் எனக்கு எரிகிற ஆள். பக்கத்தின் அடியில் 'மறைவாக 1' என்று பதினாலு வருடமாக மதியத்தில் வருகிறதே, அது அவர்தான். மன்றத்தில் நுழையும்போது 'என்னைக் காட்டாதே' என்று ஒரு கட்டத்தில் குறி போட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வந்தது மற்றவர்களுக்குத் தெரியாது, நிர்வாகியான எனக்கு மட்டும் தெரியும். தினமும் மதியம் ஒன்று பத்துக்கு வருவார். ஒரு மணி நேரம் இருப்பார். போய்விடுவார். பதினாலு வருடத்தில் அவர் எழுதிய பதிவு பூஜ்யம். ஒரு நன்றி கிடையாது, ஒரு வணக்கம் கிடையாது. ஒன்று எடுத்தால் ஒன்று கொடு என்று மண்டையில் அடித்த மாதிரி எழுதி வைத்தும் ஒளிந்து வந்து எடுத்துக்கொண்டே இருந்த ஆள். அவர் மாட்டினதைப் பார்த்து நான் கை தட்டினேன்.

"பாத்தீங்களா? அதுவும் மெஷின்தான்! அதான் வாயே திறக்கல."

"பதினாலு வருசமா கரெக்டா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற மெஷினா?" என்றார் வீட்டுக்காரர்.

"கரெக்டா வர்றதாலதான் மெஷின்ங்கறேன். மனுசன் எவன் கரெக்டா வர்றான்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினெட்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஏழு நாற்பதுக்கு முதல் நிறுத்தத்தில் நிற்கிற மனுஷன்.

புதன்கிழமை மதியம் ஒன்று பத்துக்குப் பட்டறை ஃபோன் அடித்தது. ஒரு ஆண் குரல், மெதுவாக, வார்த்தைகளை எடுத்து எடுத்து வைத்துப் பேசியது.

"வணக்கம்ங்க. மன்றம் நடத்துற அம்மாதானே? நான் உங்க ஏழாம் நம்பர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு எப்படி இந்த நம்பர் கிடைச்சுது?"

"உங்க ஒவ்வொரு பதிவுக்கும் அடியில கடை நம்பர் போடுவீங்களே. ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், மனப்பாடம். மன்னிப்பு கேட்கலாம்னுதான் கூப்பிட்டேன்ங்க. நீங்க எழுதினதுல தப்பே இல்ல. பதினாலு வருசம்னு கணக்கா எழுதியிருந்தீங்களா, சரி, நம்மளைத்தான் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. எடுத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் குடுக்கல. திருட்டுப் பயன்னு சொன்னா வாங்கிக்க வேண்டியதுதான்."

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்லீங்க. பதிவு போடறதுக்கு முன்னாடி ஒரு படம் வரும், கோணல் எழுத்து, அதைப் பார்த்து எழுதணும்னு. எனக்குக் கண்ணு தெரியாது. எழுத்தை வாசிச்சுக் காட்டுற புரோகிராம் வச்சுத்தான் மன்றத்தைக் கேக்கறேன். அதுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. அன்னிக்குச் சேரும்போது அண்ணி பக்கத்துல இருந்தாங்க, பார்த்துப் போட்டுக் குடுத்தாங்க. அப்புறம் அவங்க வேற ஊரு போயிட்டாங்க. பழகினவங்க யாரும் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இல்ல."

அந்தக் கோணல் எழுத்துப் படத்தை வைக்கச் சொன்னதும் நான்தான். புதிதாக வருகிறவர் ஐந்து பதிவு போடும்வரை படம் வரட்டும், குப்பை விளம்பரம் போடுகிறவன் ஓடிப்போவான் என்று. ஐந்து பதிவுக்கு வழியில்லாமல் ஒருத்தர் பதினாலு வருடம் வாசலிலேயே நின்றிருக்கிறார்.

"கண்ணு தெரியாம..." என்று இழுத்தேன். "நீங்க காயில் கட்டுறீங்களா?"

"இருபது வருசமா. எண்ணுறது விரல்தானேங்க. கம்பியோட கேஜும் விரலுக்குத் தெரியும். டேட்டாவை மட்டும் யாராவது படிச்சுச் சொல்லணும். உங்க மன்றம் வந்தப்புறம் அதுக்கும் யார் கால்லயும் விழல. அந்த ஒரு மணி நேரம் நான் எங்க ஆளுங்களோட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன் ஒளிஞ்சு வந்தீங்க?" கேட்டபிறகுதான் என் குரல் எவ்வளவு கடுப்பாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"ஒளியணும்னு இல்லீங்க. பேரு வெளிய தெரிஞ்சா யாராவது வணக்கம்னு எழுதுவாங்க. திருப்பி எழுத முடியாது. மரியாதை தெரியாத ஆளுன்னு நெனச்சுடுவாங்களேன்னுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரைப் பற்றி நான் வீட்டில் என்னென்ன பேசியிருக்கிறேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

"அந்த இணைப்பை ஏன் அமுக்குனீங்க?"

"பச்சை மோட்டார்னு கேட்டுச்சு. நான் எண்ணினதும் நீங்க போட்டதும் ஒத்துப் போகுதான்னு பார்க்கலாம்னு..."

"இருங்க, இருங்க. நீங்க எண்ணினீங்களா?"

"மூணு மோட்டார் எண்ணியிருக்கேன். உருகின கட்டியைச் சுடுதண்ணில ஊறப்போட்டு, இழை இழையா விரலால பிரிச்சா வரும். ஒரு மோட்டாருக்கு நாலு நாள் ஆகும்."

எட்டு வருடமாக முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்த டேட்டா. அது இல்லாத இடத்தில் இருப்பதாக நான் பொய் எழுதினேன், அது இருந்த ஒரே ஆளைத் திருடன் என்று வெளியே தள்ளினேன். அது பொறி என்றும், அங்கே டேட்டா கீட்டா ஒன்றும் இல்லை என்றும், மெஷின்களைப் பிடிக்க வைத்தது என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"அப்ப என்னைத் திட்டலையா? மூணு நாளா சாப்பாடு எறங்கலைங்க."

"இப்பவே உங்களைத் திறந்து விடறேன். படமும் இனிமே உங்களுக்கு வராது."

"எனக்கு இருக்கட்டும்ங்க. இன்னொரு விசயம். என்னோட தொழில் படிச்சவங்க ஆறு பேரு. எல்லாரும் என்னை மாதிரிதான். அங்க போய்க் கேளுங்க, நல்ல எடம்னு நான்தான் சொல்லிவிட்டேன். அவங்க பேரு குடுத்துச் சேரல, விருந்தினரா வந்து கேட்டுட்டுப் போறவங்க. நேத்து ரெண்டு பேரு கூப்பிட்டு, என்னய்யா, திருடன்னு சொல்லித் தொரத்திட்டாங்கன்னு கேட்டாங்க. மத்த நாலு பேரு எங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. அவங்களையும் எப்படியாவது விட்டுடுங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணல."

விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு ஃபோன் போட்டபிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

ஏழாம் நம்பரைத் திறப்பது ஒரு நிமிட வேலையாம். அந்தப் படத்தை அவருக்கு எடுத்துவிடுவது இன்னொரு நிமிடம். பொறி இணைப்பை வாசிப்பு புரோகிராம் தாண்டிப் போகும்படி செய்ய ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாம், அதை ஃபோனில் பேசிக்கொண்டே செய்துவிட்டான். பதினாலு வருடத்துக்கு மூன்று நிமிடம். ஆனால் அந்த ஆறு பேர்?

"நாப்பத்தோராயிரத்துல ஆறுக்கா. எது எதுன்னு எப்படித் தெரியும்? மொத்தப் பட்டியலையும் அழிச்சா அவங்க வந்துடுவாங்க, கூடவே நாப்பத்தோராயிரம் மெஷினும் வந்துடும். எல்லை தாண்டும், பூட்டு விழும். அப்புறம் அவங்களுக்கும் மன்றம் இல்ல, உனக்கும் இல்ல."

"அப்ப அவங்க அப்படியே கெடக்கட்டுமா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா. வழி இல்லைன்னு சொல்றேன்."

"வழி இல்லைன்னு நீ ஒரு கம்பெனில சொல்லு, சம்பளம் குடுப்பாங்க. என்கிட்ட சொல்லாதே" என்று ஃபோனை வைத்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

அன்று சாயங்காலம் அந்த வாசிப்பு புரோகிராமை என் ஃபோனில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு என் மன்றத்தைத் திறந்தேன். ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தது. தலைப்பு, விதி, பட்டியல், பேர், தேதி, மறுபடி பேர், மறுபடி தேதி. ஒரு பக்கத்தை நான் ஒரு பார்வையில் தாண்டிப் போவேன். அது முடிய ஒன்பது நிமிடம் ஆனது. நடுவில் என் பதிவு ஒன்று வந்தது, அந்தக் குரலில் நானே யாரோ மாதிரி இருந்தேன். கடைசியில் அந்தப் பொறிப் பக்கத்தைத் திறந்து, அதையும் படிக்கவிட்டேன். 'உனக்கு இங்கே இடம் கிடையாது. வெளியே போ.' கோபமே இல்லாமல், தபால் நிலையத்தில் நம்பர் கூப்பிடுகிற மாதிரி சொன்னது. கண்ணைத் திறந்தால் வீட்டுக்காரர் டீயோடு நின்றுகொண்டிருக்கிறார். டீயை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த ஒன்பது நிமிடம்தான் எனக்கு வழி காட்டியது. மெஷின் ஒரு பக்கத்தில் ஒரு நொடி இருக்கும், போகும். கண்ணால் பார்க்கிறவர் பொறியில் விழவே முடியாது. அப்படியானால் பிடிபட்டவர்களில் எது ஒரு பக்கத்தில் எட்டு ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறதோ, அது ஆள். தம்பிக்கு மறுபடி ஃபோன் போட்டேன். இந்த முறை அவன் வாதாடவில்லை. ஒரு நொடிக்காரர்களை எல்லாம் அவனே கழித்துவிட்டு, சந்தேகமான ஆயிரத்து நூறு முகவரிகளையும் அவை வந்துபோன நேரத்தையும் அனுப்பினான். மெதுவாக மேய்கிற தந்திரக்கார மெஷின்களும் அதில் இருக்குமாம், இனி கண்ணால்தான் பார்க்க வேண்டுமாம்.

வியாழக்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. சலவைக் கூடத்துக்காரர் வந்து கதவைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார். வீட்டுக்காரர் நேரத்தை வாசிக்க, நான் கழித்துப் பார்த்து நோட்டில் குறித்தேன்.

"ஒண்ணு இருபது. அடுத்தது ஒண்ணு இருபது முப்பது செகண்ட். அடுத்தது ஒண்ணு இருபத்தொண்ணு."

"மெஷின். அடுத்தது."

"ரெண்டு அஞ்சு, ரெண்டு ஆறு, ரெண்டு ஏழு, ரெண்டு எட்டு..."

"ரொம்ப ஒழுங்கு. மெஷின்."

"அன்னிக்கு ஏழாம் நம்பரையும் ஒழுங்கா வர்றதால மெஷின்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். வாயை மூடிக்கிட்டுப் படிங்க."

முதல் ஆளை அவர்தான் கண்டுபிடித்தார். "ஒண்ணு நாப்பது. அடுத்தது ஒண்ணு நாப்பத்தெட்டு. அடுத்தது ஒண்ணு அம்பத்தேழு. அப்புறம் நேரா பொறி." அதற்குக் கீழே, பூட்டின பிறகும் அதே முகவரி நாலு முறை தட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நாலு முறை. பிறகு ஒன்றும் இல்லை. நான் அந்த எண்ணைத் திறந்து விட்டேன்.

கருகின காயிலை எண்ணுகிறவளுக்கு இது புது வேலை இல்லை. முதுகு வலித்தது, கண் எரிந்தது, அவர் டிரிப்புக்குப் போன நேரத்தில் தனியாகப் பார்த்தேன். வியாழக்கிழமை நாலு பேர் கிடைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு. ஆறும் ஆயிற்று, நோட்டை மூடலாம் என்றார் வீட்டுக்காரர். இன்னும் முந்நூறு வரி இருக்கிறதே, பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றேன்.

மாலை ஐந்து மணிக்குச் சர்வர் கம்பெனி மெஷின் எண்ணிப் பார்த்தது. விருந்தினர் இருபத்துமூன்று. பூட்டு விழவில்லை. தம்பி ஃபோனில் கத்தினான், எங்கேயோ அலுவலகத்தில் பத்துப் பேருக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தினான்.

ஏழாவதைப் பார்த்தது அதற்குப் பிறகுதான், கடைசிப் பக்கத்தில். மூன்று மாதமாக வருகிற முகவரி. காலை பத்தரைக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்பது நிமிடம், சில நாள் பதினொன்று. எப்போதும் புதிதாகத் தொழில் கற்பவர்களுக்கு நான் எழுதின பழைய பாடங்களில்தான் இருந்திருக்கிறது. முதல் பாடம், மறுபடி முதல் பாடம், பிறகு இரண்டாவது. ஏழாம் நம்பருக்கு ஃபோன் போட்டேன்.

"ஆறுன்னு சொன்னீங்க. இங்க ஏழு இருக்கு."

"எங்க ஆளுங்க ஆறுதாங்க. அதுல ரெண்டு பேரு இன்னிக்கு உள்ள போயிட்டோம்னு சொன்னாங்க. எல்லாருமே இருபது வருசம் கட்டுனவங்க, யாரும் முதல் பாடம் கேக்கப் போறதில்ல. இது வேற யாரோ."

"மெஷினா இருந்துட்டா?" என்று வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் இருந்து கேட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும். முதல் பாடத்தை ரெண்டு தடவை உக்காந்து கேக்குற மெஷினா இருந்தா அதுக்கும் காயில் கட்டக் கத்துக்குடுப்போம்" என்று திறந்து விட்டேன்.

பொறி இன்னும் இருக்கிறது, அது இல்லாமல் முடியாது. அந்தப் பக்கத்தில் இருந்த என் வசவை மட்டும் அழித்துவிட்டேன். "நீங்கள் மனிதராக இருந்தால் மன்னியுங்கள், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், உடனே திறக்கிறேன்" என்று எழுதி, பட்டறை எண்ணைப் போட்டிருக்கிறேன். பச்சை மோட்டார் என்கிற பொய்யையும் எடுத்தாயிற்று.

சனிக்கிழமை மதியம் ஒன்று ஐந்துக்கே கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒன்று பத்துக்கு அடி வரி மாறியது. உறுப்பினர் 4, மறைவாக 0. அவர் உள்ளே இருக்கும்போது அந்தப் பூஜ்யத்தைப் பதினாலு வருடத்தில் முதல் முறையாகப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பதிவு வந்தது.

"எல்லோருக்கும் வணக்கம். பச்சை மோட்டார். ஒரு பக்கத்துக்கு மூன்று காயில்: 38, 62, 74 சுற்று. கம்பி 23 கேஜ். மூன்று மோட்டாரில் எண்ணிப் பார்த்தது. இத்தனை நாள் எடுத்ததற்கு இது போதாது, மீதியை மெல்லத் தருகிறேன்."

சாயங்காலத்துக்குள் அதற்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு வணக்கம். ஒவ்வொருவருக்கும் அவர் தனித்தனியாகத் திருப்பி வணக்கம் எழுதினார். நூற்றுப் பன்னிரண்டும். எனக்கு எழுத என்ன இருக்கிறது? மேலே இருந்த என் விதியைத் தூக்கிவிட்டேன். மேஜைக்கடியில் கிடந்த பச்சை மோட்டாரை இழுத்து வெளியே போட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அடியில் விருந்தினர் 1 என்று இருந்தது. நிர்வாகியான எனக்குத் தெரிகிற பட்டியலில் அது முதல் பாடத்தின் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்காரர் வந்து, யாருன்னு பார்த்தியா, ஏதாவது எழுதிக் கேளேன் என்றார்.

"சும்மா இருங்க. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

இருவரும் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பது நிமிடம் ஆனது. அது போகவில்லை, இரண்டாவது பாடத்தைத் திறந்தது.